கையைக் கண்டாலே மூலையில் ஒடுங்கும் லவ் பேர்ட்ஸ்

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்கு 2 ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. மகள் ஆசைப்பட்டாள் என்று சேலத்தில் ஒரு கடையில் பச்சை நிற லவ் பேர்ட்ஸ் ஒன்று வாங்கி வந்தோம். மூன்று வாரம் ஆகிறது. கூண்டுக்குள் கையை விட்டால் படபடவென்று அடித்துக்கொண்டு மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிடித்துப் பிடித்துப் பழக்குங்கள், றெக்கையை வெட்டுங்கள், ஒரு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: மூன்றையும் செய்யாதீர்கள் அம்மா. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது தலையிலும் றெக்கையிலும் கறுப்பு வரி ஓடும், ஒரு சாண் நீளமுள்ள பறவை என்றால் அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர். நம் ஊரில் அதைத்தான் லவ் பேர்ட்ஸ் என்கிறோம். அதை வளர்க்கலாம். சிவந்த மூக்கும் நீண்ட வாலும் கொண்ட நம் ஊர்ப் பச்சைக்கிளி என்றால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பழக்கப் பார்க்காமல் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

இது 30, 40 கிராம் எடையுள்ள உயிர். மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்குப் பருந்துதான். கடையில் ஒரு கை வந்து அமுக்கிப் பிடித்து அட்டைப் பெட்டிக்குள் போட்டது, இப்போது உங்கள் கையும் அதே மாதிரி வருகிறது. பிடிக்கப் பிடிக்க பயம் கூடத்தான் செய்யும். இன்னொன்று, நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு விட முடியும். நெஞ்சை அழுத்திப் பிடித்தால் கைக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். றெக்கையை வெட்டினால் தப்பிக்க வழியில்லை என்கிற பயமும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு சின்ன உடம்புக்கு ஒரு நாள் பட்டினியே உயிருக்கு ஆபத்து.

தீனிக் கிண்ணத்தையும் பாருங்கள். மேலே நிறைந்திருப்பது போலத் தெரியும். வாயால் ஊதினால் அவ்வளவும் உமி, அடியில் ஒரு மணி இருக்காது. தெரியாமலே பட்டினி போடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். தினமும் காலையில் ஊதிவிட்டு, உமி நீக்காத தினையும் சாமையும் போடுங்கள். மலை ஈரத்தில் தானியம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள்.

சரி, பழக்குவதற்கு வருவோம். கூண்டை உங்கள் நெஞ்சு உயரத்தில், ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி வையுங்கள். அப்புறம் இடம் மாற்றாதீர்கள். அடுப்படி வேண்டாம், விறகுப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்தி எதுவும் அதன் நுரையீரலுக்கு ஆகாது. இரவில் மூன்று பக்கம் பருத்தித் துணி போட்டு மூடினால் குளிரும் அடங்கும், தூக்கமும் வரும்.

முதல் வாரம் கையே வேண்டாம். தீனி, தண்ணீர் வைக்க மட்டும் மெதுவாக, கீழிருந்து கையைக் கொண்டுபோங்கள். மகளைத் தினமும் ஒரே நேரத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்க வேண்டாம், சற்றுத் திரும்பி உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாகப் படிக்கட்டும். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு வீட்டில் இதே மாதிரி பயந்த பறவை இருந்தது. பேரன்கள் இரண்டு பேரும் படாத பாடு பட்டும் அது அவர்களிடம் வரவில்லை. சாயங்காலம் கூண்டடியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியிடம்தான் முதலில் வந்தது. பாட்டி அதை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஒரு நாள் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி, பாட்டி கையிலிருந்த ஈர்க்கைப் பிடித்து இழுத்தது.

உடம்போடு ஒட்டிய மெல்லிய இறகும் அசையாத பார்வையும் பயத்தைக் காட்டும். உங்கள் எதிரில் தின்றால், இறகு கோதினால், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு மூக்கை நறநறவென்று அரைத்தால் மனசு இளகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் தினைக்கதிர். மருந்தடிக்காத முழுக் கதிர் ஒன்றை நுனியில் பிடித்துக் கம்பி வழியாக நீட்டுங்கள். வந்து கொத்தும்வரை கை ஆடக்கூடாது. வரவில்லையா, எடுத்துவிட்டு நாளைக்கு நீட்டுங்கள். தயங்காமல் தின்ன ஆரம்பித்ததும் கதவு வழியாக உள்ளே நீட்டலாம். ஒவ்வொரு நாளும் கதிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்தால் கடைசியில் உங்கள் விரல்மேல் ஏறினால்தான் எட்டும். அதுவே ஏறும். அப்புறம் கதிர் இல்லாமல், காலுக்குச் சற்று மேலே வயிற்றில் விரலை மெல்ல வைத்துப் பாருங்கள். சில பறவை பத்து நாளில் வரும், சில பறவைக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். மூன்று வாரம் ஒன்றும் அதிகமில்லை.

தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் மரம் இருந்தால் அந்தப் பழத்தையும் இலையையும் கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இந்தப் பறவைக்கு அது விஷம். காபிக்கொட்டையும் அப்படித்தான். பகலிலும் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்திருந்தால் அது பயமில்லை, நோய். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

விரலில் ஏறிய பிறகு அறைக்குள் பறக்க விடலாம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கண்ணாடிமேல் துணி போட்டுவிட்டுத் திறங்கள். திரும்பக் கூண்டுக்குப் போக மறுத்தால் துரத்திப் பிடிக்க வேண்டாம், பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். கதவைத் திறந்து வைத்து உள்ளே ஒரு கதிரைத் தொங்கவிடுங்கள். பசித்ததும் தானே போய்விடும்.