கேள்வி–பதில்: சிறு தொழிலும் தொழிலாளர் உடல்நலமும்

கேள்வி: திருப்பூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். என்னிடம் நேரடியாகச் சம்பளம் வாங்குபவர்கள் எட்டுப் பேர். செக்கிங், பேக்கிங்குக்குக் கான்ட்ராக்டர் மூலம் நான்கு பெண்கள் வருகிறார்கள். டெய்லர்களுக்குப் பீஸ் ரேட், அதாவது துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. எங்களுக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்துமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பொருந்தும். பத்துப் பேர் வேலை செய்தாலே இ.எஸ்.ஐ. கட்டாயம். அந்தப் பத்துப் பேர் கணக்கில் கான்ட்ராக்டர் ஆட்கள், தற்காலிக ஆட்கள், பீஸ் ரேட் டெய்லர்கள் எல்லோரும் சேர்வார்கள். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேனேஜருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, ஆனால் தலை எண்ணும்போது அவரும் ஒருவர்தான். உங்கள் கணக்கில் பன்னிரண்டு பேர் ஆகிறது.

செலவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 2019 ஜூலையிலிருந்து இதே விகிதம்தான். 14,000 ரூபாய் வாங்கும் டெய்லருக்கு நீங்கள் 455 ரூபாய், அவர் 105 ரூபாய், ஆக மாதம் 560. இந்தத் தொகைக்கு அவருக்கும் மனைவி மக்களுக்கும் மருத்துவம், நோய் வந்தால் விடுப்புப் பணம், பெண்களுக்கு 26 வாரப் பேறுகாலச் சம்பளம், விபத்து நேர்ந்தால் இழப்பீடு எல்லாம் அடங்கிவிடுகின்றன. வெளிச்சந்தையில் இந்தத் தொகைக்கு இத்தனையும் கிடைக்காது.

இ.எஸ்.ஐ. இணையதளத்தில் பதிவு செய்தால் நிறுவனத்துக்கு 17 இலக்க எண் வரும். ஆள் சேர்ந்த அன்றே அவர் பெயரை ஏற்றி 10 இலக்க இன்சூரன்ஸ் எண் வாங்கிவிடுங்கள். ஆதாரில் இருப்பதுபோலவே பெயரையும் பிறந்த தேதியையும் போடுங்கள். குடும்பத்தினர் பெயர்களையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். இதை விட்டுவிடுவதால்தான் தொழிலாளியின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இரவில் “கார்டில் பெயர் இல்லை” என்ற தடங்கல் வருகிறது. வெளியூர்த் தொழிலாளி என்றால் குடும்பம் ஊரில் இருப்பதையும் குறிப்பிடுங்கள். அவர்கள் அங்குள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே காட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். தொழிலாளி பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது குற்ற வழக்குக்கே வழிவிடும். “ஏதாவது ஆனால் அப்போது பதிவு செய்துகொள்ளலாம்” என்ற நினைப்பும் பல யூனிட்களில் இருக்கிறது. பதிவில்லாத ஆளுக்கு விபத்து நேர்ந்தால் இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நாளைக்கே எண்ணிக்கை எட்டாகக் குறைந்தாலும், ஒரு முறை சேர்ந்த நிறுவனம் தொடர்ந்து கட்ட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் பட்டறையில் ஜூலை 10-ம் தேதி சேர்ந்த பெண்ணுக்கு நவம்பரில் மஞ்சள் காமாலை. மூன்று வாரம் வரவில்லை. மாதம் தவறாமல் சந்தா கட்டியிருக்கிறோம். ஆனாலும் விடுப்புப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்குக் கட்டுகிறோம்?
— வாசகி, கோவை

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. இ.எஸ்.ஐ.யில் மருத்துவம் வேறு, பணப்பலன் வேறு. இரண்டுக்கும் காலக்கணக்கு தனித்தனி. அந்தப் பெண்ணுக்கும் குடும்பத்துக்கும் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவம் உண்டு (உயர்சிறப்புச் சிகிச்சைக்கு மட்டும் தனி நிபந்தனைகள்). பணப்பலன் அப்படி உடனே வராது.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். அதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. புதிதாகச் சேர்ந்தவருக்கு, சேர்ந்து ஒன்பது மாதம் கழிந்த பிறகே முதல் பலன் காலம் தொடங்கும். ஜூலை 10-ல் சேர்ந்தவருக்கு அது ஏப்ரல் 10. நவம்பரில் வந்த நோய்க்குப் பணம் வராததற்குக் காரணம் இதுதான். யாரும் ஏமாற்றவில்லை. இந்த இடைவெளியை முதலாளிதான் நிரப்ப வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. புதிதாகச் சேர்பவருக்கு முதல் ஒன்பது மாதத்துக்குள் பத்து, பன்னிரண்டு நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பழைய ஆட்களுக்கு வேறொரு சிக்கல் வரும். ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளாவது சம்பள நாள் பதிவாகியிருந்தால்தான், அதற்குரிய பலன் காலத்தில் நோய்க்கால உதவி கிடைக்கும். மாதத்துக்குப் பதின்மூன்று நாள் வேலை என்றால் யாரும் தாண்டிவிடக்கூடிய கணக்குதான். ஆனால் சந்தாவைக் குறைக்க, 24 நாள் வந்தவரைப் பத்து நாள் என்று காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மாதம் முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக, காசநோய் வந்து படுத்த ஆளின் ஆறு மாத உரிமையைப் பறிக்கும் செயல் இது. பீஸ் ரேட் ஆட்களுக்கு மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) நாட்களைத் தனியாகக் குறியுங்கள். துண்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மாதக் கடைசியில் நாளை ஊகித்துப் போடுவதும் தவறில்தான் முடிகிறது.

தகுதி இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். நாளுக்கு 500 ரூபாய் என்றால் 350. முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். தனியார் மருத்துவரிடம் வாங்கிய சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு போனால் அலைய நேரிடும்.

வேலையில் விபத்து என்றால் இந்த 78 நாள் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே ஊசி ஏறினாலும் பாதுகாப்பு உண்டு. விபத்து நாளை விட்டு மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால் 90 சதவீதம் சம்பளம். வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் வழியில் நேர்ந்த விபத்தும், வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால், இதில் சேரும். விபத்து அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் சம்பளம் உயர்த்தியதில் ஒருவருக்கு 22,500 ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டிவிட்டதால், அவருக்குச் சந்தா கட்டுவதை உடனே நிறுத்திவிடலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. நடப்புச் சந்தாக் காலம் முடியும் செப்டம்பர் 30 வரை, முழு 22,500-க்கும் கட்டுங்கள். அக்டோபரிலிருந்து நிறுத்தலாம். நிறுத்துவதற்கு முன்பே அவருக்குத் தனியார் காப்பீடு எடுத்து வையுங்கள்.

கேள்வி: மதுரையில் என் கடையில் ஏழு பேர். ஊழியர்களுக்கு என்ன காப்பீடு எடுக்கலாம்?
— வாசகர், மதுரை

பதில்: மூன்று வழிகள் உண்டு. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, பத்துக்குக் குறைவான இடமும், முதலாளியும் பெரும்பாலான ஊழியர்களும் ஒப்புக்கொண்டால், இ.எஸ்.ஐ.யில் விரும்பிச் சேரலாம். 21,000-க்குள் சம்பளம் என்றால் இதை முதலில் விசாரியுங்கள்.

இரண்டாவது, குரூப் மருத்துவக் காப்பீடு. பல நிறுவனங்கள் ஏழு பேரிலிருந்து தருகின்றன. இதில் பெரிய லாபம், ஏற்கெனவே சர்க்கரை, பி.பி. இருப்பவருக்கும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு வாங்க முடியும் என்பது. தனிநபர் பாலிசியில் அதற்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரிடலாம். குரூப் பாலிசியில் ஆள் வேலையை விட்டால் பாதுகாப்பும் போய்விடும் என்பதை ஊழியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. மூன்று லட்சம் பாலிசியில் ஒரு சதவீத வரம்பு என்றால் நாளுக்கு 3,000. நோயாளி 6,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது. டாக்டர், அறுவைக்கூடக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டுவார்கள். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகளுக்கு அந்த வெட்டு கூடாது என்பது விதி. ஆகவே வெட்டிய கணக்கை வரிவரியாகக் கேட்டு வாங்குங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் அறை வரம்பில்லாத பாலிசியே மேல்.

மூன்றாவது, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. வருமானச் சான்று வாங்க ஊழியருக்கு அரை நாள் விடுப்புக் கொடுங்கள், போதும்.

கேள்வி: அயர்னிங் பகுதியில் கோடையில் ஆட்கள் மயங்குகிறார்கள். ஃபேன் போட்டும் பலனில்லை.
— வாசகி, ஈரோடு

பதில்: வெப்பக் காற்றையே ஃபேன் சுழற்றினால் பலன் இருக்காது. நீராவிக் குழாய்களுக்கு வெப்பத்தடுப்பு உறை சுற்றுங்கள். கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, எதிர்ச்சுவரில் தாழ்வாகக் காற்று நுழைய வழி விடுங்கள். அஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைக்கு மேலே வெள்ளை வெப்பத்தடுப்புப் பெயின்ட் அடியுங்கள்.

மயங்குபவர்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள், கவனித்துப் பாருங்கள். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் அங்கே நிறுத்தி, நாளுக்கு அதே அளவு கூட்டுங்கள். நீண்ட விடுப்பு முடிந்து திரும்புபவருக்கும் இப்படியே படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி, தண்ணீர் குடிக்க வேண்டும். குடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வியர்வை கொட்டும் நாளில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பி.பி., சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் முதலில் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வரவில்லை, போய் வந்தால் சூப்பர்வைசர் நேரம் கேட்கிறார் என்றால் அவர்கள் காலையிலிருந்தே குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் சேர்ந்து வரும்.

வேலையிடையே உட்கார ஸ்டூலும் வையுங்கள். கடைகளில் நின்றே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டத்திருத்தம் கொண்டுவந்துவிட்டது.

யாராவது உளறினாலோ, நினைவு தப்பினாலோ அது வெப்பத்தாக்கம். 108-க்கு அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.