டீச்சரிடம் கேளுங்கள்: திருக்கையின் வாடை

கேள்வி: டீச்சர், சம்பளம் போட்டதும் ஹட்டன் டவுனில் திருக்கை வாங்கினேன். கழுவும்போதே மூத்திர வாடை குப்பென்று அடித்தது. "யாரோ மருந்து போட்டிருக்காங்க, கொட்டிடு" என்றார் மாமியார். வேறு மீனில் இல்லாத வாடை இதில் மட்டும் ஏன்? நம் ஆற்றில் திருக்கை கிடைக்குமா என்று மகனும் கேட்கிறான்.
– வாசகி, தலவாக்கலை

பதில்: அந்த வாடை மீனின் உடம்பிலிருந்தே வருவது, தங்கச்சி.

மாங்காய்க்கு உப்புப் போட்டு வைத்தால் மறுநாள் சாடியில் தண்ணீர் நிற்கிறதல்லவா? கடலும் மீனுக்கு அதையேதான் செய்யப் பார்க்கும். பாரை, சூரை போன்றவை கடல் நீரைக் குடித்துக் குடித்து, உப்பைச் செவுள் வழியே தள்ளிப் பிழைக்கின்றன. திருக்கைக்கும் சுறாவுக்கும் வழி வேறு. நாம் சிறுநீரில் கழித்துவிடும் யூரியாவை அவை இரத்தத்திலும் சதையிலும் சேர்த்து வைக்கின்றன, நம் இரத்தத்தில் இருப்பதைப்போல் 50 மடங்குக்கு மேல். உள்ளே அவ்வளவு செறிவு இருப்பதால் கடலால் தண்ணீரை உறிஞ்ச முடிவதில்லை. தேயிலை மலைக்கு உரமாகப் போடுகிறோமே, அதே யூரியாதான்.

மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதை அமோனியாவாக உடைக்கும். கரையிலிருந்து லொறியில் மலையேறி வருவதற்குள் அந்த வேலை தொடங்கிவிடும். லேசான வாடை என்றால் புளியோ கொறுக்காயோ கரைத்த தண்ணீரில் அலசுங்கள், புளிப்பு அமோனியாவை அடக்கும். மூக்கைத் துளைக்கும் அளவுக்கு அடித்தால் மீன் பழசு. அப்போது மாமியார் பேச்சைக் கேளுங்கள்.

மஸ்கெலியாவில் லயத்துக் காம்பராவில் வளர்ந்த எனக்குத் திருக்கை என்றால் அப்பா கடதாசியில் சுற்றிக்கொண்டு வரும் கருவாடுதான். முதல் நியமனம் மன்னாருக்குக் கிடைத்தபோதுதான் பேசாலைக் கரையில் உயிருள்ள ஒன்றைப் பார்த்தேன். வலையிலிருந்து மணலில் விழுந்து கிடந்தது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு துளைகள் திறந்து திறந்து மூடின. செவுளைத் தேடினேன், மேலே காணவில்லை. மீன்பிடிக்கிற ஐயா ஒருவர் புரட்டிக் காட்டினார்: அடிப்பக்கம் வாய், அதன் பின்னே இரு பக்கமும் ஐந்தைந்து கீறல்கள். மணலில் புதைந்து கிடக்கும் மீன் அடியிலுள்ள வாயால் தண்ணீர் எடுத்தால் மணலும் சேர்ந்து போகும். அதனால் மேலுள்ள துளைகளால் இழுத்துச் செவுளுக்கு அனுப்புகிறது. அன்றிலிருந்து அந்தத் துளைகளைக் கரும்பலகையில் வரையாமல் நான் மீன் பாடம் நடத்தியதில்லை. அடுத்த முறை முழு மீன் கண்ணில் பட்டால் மகனுக்குக் காட்டுங்கள்.

அவன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் கொத்மலை ஓயா மகாவலியில் கலந்து, கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. கடலோரக் களப்புகளில் திருக்கை உண்டு. மலை ஆறுகளில் இல்லை. ஆனால் ஆற்றிலேயே வாழும் திருக்கைகள் வேறு நாடுகளில் இருக்கின்றன. கம்போடியாவில் மீகாங் ஆற்றில் 2022 இல் பிடிபட்டது 300 கிலோ, ஏறத்தாழ 4 மீற்றர் நீளம். அளந்துவிட்டு உயிரோடு ஆற்றிலேயே விட்டார்கள், அதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. அமேசான் ஆற்றுத் திருக்கைகளின் கதை இன்னும் அதிசயம். அவற்றின் முன்னோர் கடலிலிருந்து வந்தவை. நன்னீரில் யூரியா தேவைப்படாததால் அதைச் சேர்த்து வைக்கும் திறனையே அவை இழந்துவிட்டன. உப்பு நீரில் விட்டாலும் அது திரும்புவதில்லை.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் நிலாவெளிக்குச் சுற்றுலா போகிறோம். திருக்கை குத்தினால் என்ன செய்வது?
– மாணவன், பண்டாரவளை

பதில்: அது தேடி வந்து குத்தாது, தம்பி. மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். வாலிலுள்ள முள்ளில் நஞ்சு இருக்கிறது. ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நட, அதிர்வு தெரிந்து விலகிவிடும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வை, வலி குறையும். தோல் வெந்துபோகாதபடி வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும். ஆழமாக ஏறிய முள்ளை நீயே பிடுங்காதே. காயம் சிறியதென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போ.