எது ஆபத்து என்று யார் சொல்வது?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவே மூழ்கியது. பருவநிலை மாற்றம் உலகப் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் ஒரு தீர்மானம் வந்தபோது இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டதாமே! நம் ஆபத்தை நாமே மறுக்கலாமா?
– ஒரு வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் தவித்துக் கிடந்தார்கள். அது ஆபத்தா என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆபத்து என்பது வேறு, 'பாதுகாப்பு அச்சுறுத்தல்' என்று ஒன்றுக்குப் பெயர் வைப்பது வேறு.

2014 செப்டம்பரில் எபோலாவுக்கு அந்தப் பெயரை வைத்தது பாதுகாப்பு கவுன்சில். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த நோய்க்குப் பலியானவர்கள் 11,000-க்கும் மேல். காசநோய் ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் கொல்கிறது. அதற்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. ஆக, சாவு எண்ணிக்கை இதைத் தீர்மானிப்பதில்லை. பாரி பூசான், ஓலே வேவர் என்ற ஆய்வாளர்கள் 1990-களிலேயே இதை விளக்கினார்கள். சொன்னால் எடுபடும் இடத்தில் இருப்பவர் 'இது நம் இருப்புக்கே ஆபத்து' என்கிறார், கேட்பவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள், அப்புறம் வழக்கமான விதிமுறைகளை ஓரம்கட்டலாம். எபோலா விஷயத்தில் இதனால் பணமும் ஆட்களும் வேகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அது நல்லதுதான்.

கெட்டதற்கு வெளிநாடு போக வேண்டாம், நம் கூடங்குளம் போதும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் வெடிப்பு நடந்ததை டி.வி.யில் பார்த்த இடிந்தகரை மக்கள், எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டுப் பந்தலில் உட்கார்ந்தார்கள். வலை பின்னுகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. அவர்கள் கேட்டதும் பாதுகாப்பு, அரசு காட்டிய காரணமும் பாதுகாப்பு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அணு உலை வேண்டும் என்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்: அந்தப் பெயரை வைத்த நிமிடத்தில் கேள்வி கேட்டவர் எதிரியாகிவிட்டார்.

இப்போது நீங்கள் கேட்ட ஓட்டெடுப்பு. 2021 டிசம்பரில் அயர்லாந்தும் நைஜரும் கொண்டுவந்த தீர்மானத்தை 12 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவும் ரஷ்யாவும் எதிர்த்தன, ரஷ்யாவின் வீட்டோவில், அதாவது ஒரே நாடாகத் தீர்மானத்தைத் தடுக்கும் அதிகாரத்தில், அது விழுந்தது. எல்லா நாடுகளும் உட்கார்ந்து பேசும் பருவநிலை மாநாடு இருக்கும்போது, 15 பேர் அவைக்கு இதை ஏன் கொண்டுபோக வேண்டும் என்பது இந்தியாவின் வாதம். அந்த 15-ல் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ. அவற்றில் சில, நூறு வருஷத்துக்கு மேலாகக் கரியைக் கக்கியவை. வாதம் சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அங்கே அப்படிச் சொன்ன அரசுக்கு இங்கே கடமை கூடுகிறது. மருதூர், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுகளில் மண் எவ்வளவு மேடிட்டிருக்கிறது? குளத்துக் கரைகள் அடுத்த ஐப்பசிக்குத் தாங்குமா? தண்ணீர் திறக்கும் செய்தி உங்கள் தெருவுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் வரும்? இதற்கெல்லாம் நியூயார்க்கில் ஓட்டெடுப்பு தேவையில்லை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். வரும் பதிலை எங்களுக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.