வளர்ற பிள்ளைக்குச் சட்டை வேறு, வண்டி வேறு

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் கடற்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. என் கணவர் துபாயில் வேலை பார்க்கிறார். அடுத்த மாதம் லீவில் வரும்போது பிள்ளைகளுக்கு நான்கு சக்கர குவாட் பைக் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். அங்கே பாலைவன மணலில் சின்னப் பிள்ளைகள் ஓட்டுவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இந்த ஆசை. மகளுக்கு 8 வயது, 23 கிலோ. மகனுக்கு 5 வயது, 16 கிலோ. வீட்டை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. சாயங்காலம் அரியமான் கடற்கரைக்கும் கொண்டுபோகலாம் என்கிறார். என் தம்பியோ, ‘வளர்ற பிள்ளைகதானே அக்கா, 110 சிசியா வாங்கிட்டா பல வருஷம் ஓட்டுங்க’ என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. எந்த அளவு வண்டி சரி? தம்பியைப் பின்னால் உட்காரவைத்து அக்கா ஓட்டலாமா?

— ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தம்பியைப் பின்னால் வைத்து அக்கா ஓட்டவே கூடாது. சீட் நீளமாக இருப்பதைப் பார்த்தால் இரண்டு பேர் உட்காரலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நீளம், ஓட்டுகிறவர் முன்னும் பின்னும் நகர்ந்து வண்டியைச் சமன்செய்வதற்காக விட்ட இடம். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்ததும் அந்த வசதி போய்விடுகிறது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிக்கொள்வதும் எளிதாகிவிடும்.

அடுத்து வயது. உங்கள் மகனுக்கு 5 வயதுதான். எஞ்சின் வைத்த குவாட் பைக் அவனுக்கு எதுவுமே வேண்டாம், ‘குழந்தைகளுக்கு’ என்று எழுதியிருக்கும் 50 சிசியும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 6 வயதுக்குக் கீழே எந்தக் குவாட் பைக்கிலும் ஏற்றாதீர்கள் என்றே பெற்றோருக்கு அறிவுறுத்துகிறார்கள். மகள் விஷயத்திலும் மருத்துவனாக என் விருப்பம், இப்போது வேண்டாம் என்பதுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கனடாவின் சங்கமும் 16 வயது ஆகாதவர்கள் இதை ஓட்டக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. ஆனால் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வருகிற அப்பாவின் மனசும் எனக்குப் புரிகிறது. நான் ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதி நிறுத்தினால், உங்கள் தம்பி சொன்ன 110 சிசி வாசலில் வந்து நின்றுவிடும். அதனால் எது வந்தால் ஆபத்து குறைவு என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

தீபாவளிக்குச் சட்டை எடுத்தால் ஒரு சைஸ் கூடுதலாக எடுப்போம். பாவாடையில் உள்மடிப்பு விட்டுத் தைப்போம். பள்ளிக்கூட ஷூவில் பஞ்சு வைத்து ஒரு வருடம் ஓட்டுவோம். ‘வளர்ற பிள்ளை’ என்ற அந்தக் கணக்கில் தப்பே இல்லை. சட்டை பெரிதாக இருந்தால் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான். வண்டி பெரிதாக இருந்தால் அது பிள்ளையின் மேல் விழும். இந்த ஒரு விஷயத்தை உங்கள் தம்பியிடம் நிதானமாக உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

‘நாலு சக்கரம் இருக்கே, சைக்கிள் மாதிரி சாயாதே’ என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு ஏற்றபடி இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல காரில் ஓர் ஏற்பாடு உண்டு. குழந்தைகளுக்கென்று விற்கும் குவாட் பைக் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே இரும்பு அச்சில் இறுகிப்போய் ஒன்றாகச் சுழல்வதால், ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். ஓட்டுகிறவர் தன் உடல் எடையைத் தக்கபடி மாற்றிக்கொடுத்தால்தான் அது ஒழுங்காகத் திரும்பும். பெரியவருக்கு இது கைவரும். 23 கிலோப் பிள்ளை, நூறு கிலோவை ஒட்டி இருக்கும் 110 சிசி வண்டியின் மேல் எவ்வளவுதான் சாய்ந்தாலும் வண்டிக்கு அது உறைக்காது. திரும்பாத வண்டியை அவள் பயத்தில் சடாரென்று ஒடிப்பாள். உயரம் கூடுதல், அகலம் குறைவு, கவிழ்ந்துவிடும்.

கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது என் துறை. குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரிது, கழுத்துத் தசை மெலிது. தூக்கி எறியப்பட்டால் தலைதான் முதலில் மோதும். கல்லீரலும் மண்ணீரலும் பெரியவர்களுக்கு இருப்பதைப்போல விலா எலும்புகளுக்குள் முழுசாக ஒளிந்திருப்பதில்லை. அதனால் ஹாண்டில் முனை வயிற்றில் இடித்தாலே உள்ளே கிழியலாம். எனக்கு அதிகப் பயம் வேறொன்று. கவிழ்ந்த வண்டி நெஞ்சின் மேல் கிடந்தால் பிள்ளையால் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. வெளியில் ஒரு கீறல்கூட இருக்காது. மணல்தானே, மெத்துமெத்தென்று இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மேலே நூறு கிலோ கிடக்கும்போது அடியில் இருப்பது மணலா தரையா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகவே அளவு பார்ப்பதற்கு என் முதல் சோதனை இதுதான். வண்டியை ஓர் ஆள் பிடித்துக்கொண்டு மெல்ல ஒரு பக்கம் சாய்க்கட்டும். மகள் எதிர்ப்பக்கம் நின்று தள்ளி அதை நிமிர்த்தட்டும். முடியவில்லையென்றால் அது அவள் வண்டி இல்லை. இந்தச் சோதனை எந்தத் தரக்குறிப்பிலும் கிடையாது, நானாகச் சொல்கிறேன். ஆனால் கடையில் நின்று சிசி பேசுவதைவிட உங்களுக்கு உதவும்.

சிசியை வைத்து வயது சொல்வது பழைய முறை. அமெரிக்காவில் 1988-இல், குவாட் பைக்கைப் போலவே மேடுபள்ளத்தில் ஓட்டும் மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையை நிறுத்தியபோது அப்படித்தான் பிரித்தார்கள். பின்னால் அதை மாற்றி, வேகத்தை வைத்து வகைப்படுத்தினார்கள். 6 வயதுக்கு மேற்பட்டோருக்கான வண்டி மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகவே கூடாது; வண்டியிலேயே இருக்கும் வேகக் கட்டுப்பாட்டைப் பூட்டினால் வேகம் 16-க்குள் நிற்க வேண்டும். 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு உச்ச வேகம் 48, பூட்டினால் 24. மணிக்கு 16 என்றால் வினாடிக்கு நாலரை மீட்டர். எதிரே ஆட்டுக்குட்டி ஓடிவருவதைப் பார்த்து பிள்ளை பிரேக்கில் கைவைப்பதற்குள் வண்டி ஐந்தாறு மீட்டர் ஓடியிருக்கும். 48 என்றால் அதே நேரத்தில் பதினைந்து மீட்டருக்கு மேல். மகளுக்கு வாங்கியே தீர வேண்டும் என்றால் அந்த 6 வயது வகை மட்டுமே, வேகக் கட்டுப்பாட்டைப் பூட்டி, சாவி உங்கள் இடுப்பில் இருக்கும்படி. பேட்டரியில் ஓடுவது கிடைத்தால் இன்னும் நல்லது. சூடேறும் புகைக்குழாய் இருக்காது, கெண்டைக்கால் வெந்துபோகாது. ஆனால் பேட்டரி என்றாலே பொம்மை என்று நம்பிவிடாதீர்கள். 36 வோல்ட், 48 வோல்ட் வண்டிகள் எஞ்சின் வண்டிக்கு இணையாகப் பாயும்.

கடைக்கு மகளையும் கூட்டிப்போங்கள். துபாயிலிருந்து அவள் இல்லாமல் வாங்கி வந்தால் அளவு பொருந்துவது வெறும் அதிர்ஷ்டம். அவளை வண்டியில் ஏற்றிக் கால்மிதியில் நிற்கச் சொல்லுங்கள். சீட்டுக்கும் அவள் உடம்புக்கும் நடுவே மூன்று முதல் ஆறு அங்குலம் இடைவெளி வேண்டும். இது இல்லாவிட்டால் மேடுபள்ளத்தில் சீட் அவளைத் தூக்கியடிக்கும். உட்கார்ந்தால் தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லுங்கள். அவள் முதுகை முன்னால் வளைத்து எட்டிப் பிடித்தால் வண்டி பெரிது. முழங்காலில் ஹாண்டில் இடித்தால் சிறிது. பிறகு விரல்கள். பிடியில் கையை வைத்து விரலை நேராக நீட்டினால், நடுவிரலின் நுனிக்கணு பிரேக் லீவரைத் தாண்டி நிற்க வேண்டும். தாண்டவில்லை என்றால் அவளால் பிரேக்கை முழுசாக அழுத்த முடியாது. பிள்ளைகளின் கைவிரலைப் பார்க்காமலேதான் பெரும்பாலும் வண்டி வாங்குகிறார்கள்.

இன்னொரு விஷயம், ஆக்சிலேட்டர். இதில் பெரும்பாலும் முறுக்குவது கிடையாது, கட்டைவிரலால் அமுக்குவது. பிள்ளை பயந்தால் கையிலிருப்பதை இறுகப் பிடிக்கும். அப்போது கட்டைவிரலும் சேர்ந்து அமுங்கும். நிற்க வேண்டிய நேரத்தில் வண்டி பாய்வது இதனால்தான். அதற்காகவே பிள்ளையின் மணிக்கட்டில் மாட்டும் கயிறு இருக்கிறது. பிள்ளை விழுந்து கயிறு பிடுங்கிக்கொண்டதும் எஞ்சின் அணைந்துவிடும். அதோடு, பெரியவர் தூரத்தில் நின்றே அணைக்க ரிமோட்டும் இருக்கட்டும். இந்த இரண்டும் இல்லாத வண்டியை விலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். கால்மிதிக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் தடுப்பும் வேண்டும். இல்லையென்றால் நழுவிய கால் சக்கரத்துக்கு அடியில் போகும். தொடை எலும்பு முறிவு அப்படித்தான் வருகிறது. செயினுக்கு மூடி அவசியம். துப்பட்டா, பாவாடை, அவிழ்த்துவிட்ட நீள முடி எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

நம் கரையில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மண்டபத்தில் நான் இருந்த இரண்டு வருடத்தில் என் ஸ்கூட்டரின் பிரேக் கேபிள் இரண்டு முறை உள்ளுக்குள் துருப்பிடித்து இறுகிவிட்டது. வெளியே பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. பிள்ளையின் வண்டியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் அவள் ஏறுவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் பிரேக்கை அழுத்தி வண்டியைத் தள்ளிப் பார்க்கட்டும்.

கொண்டுபோனால் என்றேன், ஆனால் கொண்டுபோகவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அரியமான் கரையில் கடல் அமைதி, சவுக்குத்தோப்பு நிழல் என்பதால் ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும். பிற பிள்ளைகள் மணலில் உட்கார்ந்து வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். நம் கரைகளில் வள்ளம் கட்டிய கயிறு கிடக்கும், கரைவலை இழுக்கும்போது கயிறு குறுக்கே இழுபட்டு நிற்கும். வண்டியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கழுத்து உயரத்துக்கு அந்தக் கயிறு வந்தால் என்ன ஆகும் என்று விவரிக்க எனக்கு விருப்பமில்லை. காய்ந்த மணலில் சக்கரம் புதையும். பிள்ளை முழுசாக அமுக்கும். பிடி கிடைத்த நொடியில் வண்டி துள்ளிப் பாயும். மணல்மேட்டில் ஏறினால் அந்தப்பக்கச் சரிவு எவ்வளவு என்று உச்சிக்குப் போகிறவரை தெரியாது. மாசி பங்குனியில் ஆமை ஏறி முட்டையிடும் கரைகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. அங்கே எந்த வண்டியின் சக்கரமும் போகக் கூடாது.

தோப்பு பரவாயில்லை, ஆனால் அப்படியே விட்டால் அதுவும் ஆகாது. கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இருக்கிறதா? முள்கம்பி, துணிக்கொடி, பாத்தி வரப்பு, மண்ணில் மறைந்த தேங்காய்மட்டை எல்லாவற்றையும் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள். மரமே இல்லாத சமதளமான ஓர் இடத்தை மட்டும் ஒதுக்கி, பழைய டயர்களை அடுக்கி எல்லை கட்டுங்கள். தரை இறுகியிருக்க வேண்டும். ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளை, பதினைந்து இருபது நிமிடம், வெயில் தாழ்ந்த பிறகு, கூடவே நடக்கும் தூரத்தில் ஒரு பெரியவர். திண்ணையில் உட்கார்ந்து போன் பார்க்கிற பெரியவர் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

தெருவுக்கும் ரோட்டுக்கும் கொண்டுபோவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 18 வயது ஆகாதவரிடம் வண்டி கொடுத்துக் குற்றம் நடந்தால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, முகத்தையும் தாடையையும் மூடுவதாக இருக்கட்டும். புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றித் தலையளவு எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். போட்டு வாரைக் கட்டிய பின் தலையை உலுக்கினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. இங்கேயும் ‘வளர்ற பிள்ளை’ கணக்கு வேண்டாம். கணுக்காலை மூடும் ஷூ, முழுக்கால் சட்டை, கையுறை. செருப்போடு ஏறக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் விழுந்துவிட்டால், முதலில் எஞ்சினை அணைத்து வண்டியைத் தூக்குங்கள். மூச்சு இருந்தால், பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்காதீர்கள். கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து ஓடி விளையாடினாலும் அடுத்த இரண்டு நாள் கவனம் வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, வழக்கமில்லாத தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, தலைவலி கூடிக்கொண்டே போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் கிளம்பிவிடுங்கள். வயிற்றில் ஹாண்டில் முனை பதிந்த மாதிரி வட்டமாகக் கன்றிப்போயிருந்தால், வலி இல்லை என்று பிள்ளை சொன்னாலும் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். சைக்கிள் ஹாண்டில் குத்தி அப்படி வந்த ஒரு பையன் முதல் நாள் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறான். மறுநாள்தான் வலி தெரிந்தது, கணையத்தில் அடி. நம் மாவட்டத்தில் நேரமும் தூரமும் பெரிய விஷயம். மேல்சிகிச்சைக்கு மதுரை என்று முடிவானால் ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆகவே ‘காலையில் பார்த்துக்கலாம்’ என்று இருக்காதீர்கள்.

மகனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அக்காவுக்கு மட்டும் வந்தால் அவன் அழுவான், நியாயம்தான். நடக்கிற வேகத்தில் போகும் 12 வோல்ட் பேட்டரி வண்டி, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, ரிமோட் உங்கள் கையில் இருக்கும்படி வாங்கலாம். 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம். ரிமோட்டில் பொத்தான் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும். விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். உண்மையில் இருவருக்கும் அளவான சைக்கிள்கள் இரண்டு வாங்கி, அப்பா கூடவே ஓடிக் கற்றுக்கொடுத்தால் லீவு முழுக்க அதுவே போதும் என்பேன். பிரேக்கைக் கையால் பிடித்து நிறுத்தும் பழக்கம் அதில்தான் வரும். அது வராமல் மகளை மோட்டார் வண்டியில் ஏற்றவே கூடாது.

உங்கள் கணவர் வந்ததும், வண்டி வாங்குவதற்கு முன்னால், நான்கு பேரும் உங்கள் பக்கத்துக் குழந்தை மருத்துவரை ஒருமுறை பாருங்கள். மகளின் கண்பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள். மகனின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். ரணஜன்னியையும் தடுக்கும், 5 வயதில் போட வேண்டிய டி.பி.டி. பூஸ்டர் போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. சைக்கிளோ வண்டியோ, மண்ணில் விழுகிற வயதுக்கு அது இப்போதே தேவை.