நோட்டுக்கு முன்னே புளியங்கொட்டை: பாலர் வகுப்பு கேள்வி-பதில்

கேள்வி: மகனுக்கு 4 வயது. அங்கன்வாடியில் மண்ணும் பாட்டும்தான். நோட்டில் ஓர் எழுத்துகூட இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்கேஜியில் பக்கம் பக்கமாக எழுதுகிறது. இடத்தை மாற்றிவிடலாமா? (ஒரு வாசகி, உசிலம்பட்டி)

பதில்: நோட்டு காலியாக இருக்கிறது என்பதற்காக மாற்றாதீர்கள். 4 வயதில் மணிக்கட்டு எலும்புகள் முழுதாக உருவாகியிருக்காது. அந்தக் கையில் இரட்டைக்கோடு நோட்டைத் திணித்தால், பிள்ளை பென்சிலை முஷ்டியில் பிடித்துத் தோளிலிருந்து அழுத்தி எழுதப் பழகிவிடும். பிறகு அந்தப் பிடியை மாற்றுவது பெரும்பாடு. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடநூலே வேண்டாம் என்றுதான் 2022-இல் வந்த தேசிய அடிப்படை நிலைக் கலைத்திட்டமும் சொல்கிறது.

வீட்டில் களிமண் கொடுங்கள். கண்மாய் மண்ணைச் சலித்துக் கல் நீக்கிப் பிசைந்தால் போதும். விளாச்சேரிப் பக்கம் பொம்மை செய்யப் பக்குவப்படுத்திய மண் கிடைத்தால் இன்னும் நல்லது. எலுமிச்சை அளவு உருண்டை போதும். விரலில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, உருட்டும்போது ஓரம் வெடித்தால் குறைந்துவிட்டது. நீளமாகத் திரித்துவிட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் துண்டு துண்டாகக் கிள்ளச் சொல்லுங்கள். அந்தக் கிள்ளலில்தான் பென்சில் பிடிக்கும் பலம் வருகிறது. மீந்த மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். எழுத்து ஆசை வந்தால் தட்டில் மணல் பரப்பி, விரலால் 'ட', 'ப' போடட்டும். இரண்டும் நேர்கோடு. 'அ'வுக்குச் சுழி வேண்டும், அது மெதுவாக வரட்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகளைச் சும்மா விட்டுவிட்டு, டீச்சர் அவர்களோடு பேசுவதே இல்லையென்றால் அந்த விளையாட்டால் பாதிப் பலன்தான்.

கேள்வி: பேத்திக்கு 5 வயது. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எதைச் சொல்லிக்கொடுப்பேன்? (ஓர் அப்பத்தா, மேலூர், மருமகள் எழுதியது)

பதில்: அம்மா, பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். முழு ஆட்டம் இப்போது வேண்டாம். ஒரு பக்கத்து 7 குழியில் குழிக்கு ஒரு புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். வாய் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஓடும், கை பின்தங்கும். எண்ணில் தடுமாற்றம் தொடங்குவதே இங்கேதான். கொட்டை குழியில் விழுகிற சத்தம் கேட்ட பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். முடிந்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். திட்ட வேண்டாம், 3 கொட்டைக்கு இறங்கி வந்து மறுபடி விளையாடுங்கள்.

அது கைவந்த பிறகு, 5 கொட்டையை எண்ணிக் காட்டி, இரண்டைக் கொட்டாங்குச்சிக்குள் மூடிவிட்டு "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். கூட்டல் கழித்தல் இரண்டும் அதிலேயே வந்துவிடும். குழிக்கு 5 போட்டு 14 குழியும் ஆடுவதை ஆறு வயதுக்குத் தள்ளிவையுங்கள்.

வீட்டில் மூன்று வயதுக்குள் இன்னொரு பிள்ளை இருந்தால் கொட்டைகளை எண்ணியே எடுத்து வையுங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும், விழுங்கினால் தொண்டையை அடைக்கும்.

மல்லி கட்டும்போதும் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கண்ணிக்கு நாலு பூ என்றால் ரெண்டு ரெண்டாக எடுத்துத் தரட்டும். "மல்லி, மண்ணு, மஞ்சள்... இன்னும் 'ம'வில் என்ன?" என்று கேட்டுக்கொண்டே கட்டுங்கள். வாசிப்புக்கு முதல் படி, சொல்லின் ஒலியைக் காதால் பிரிப்பது. அதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: மகளின் பாலர் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் என்ன கேட்பதென்றே தெரியவில்லை. (ஒரு தந்தை, திருமங்கலம்)

பதில்: ரேங்க் கேட்காதீர்கள். யாரோடு விளையாடுகிறாள், பொருளைப் பங்கு போடுகிறாளா, தனக்கு வேண்டியதை வாய்திறந்து கேட்கிறாளா, சொன்ன கதையைத் திருப்பிச் சொல்கிறாளா என்று கேளுங்கள். வகுப்பில் இந்த வாரம் பாடும் பாட்டு எது என்றும் கேட்டு வந்து, வீட்டில் நீங்களும் சேர்ந்து பாடுங்கள். அவள் வந்ததும் "இன்னைக்கு என்ன எழுதின?" என்பதற்குப் பதில் "இன்னைக்கு என்ன கட்டின, அது எப்படி நின்னுச்சு?" என்று கேட்டால் பேச்சு நீளும்.