அம்மனைக் கேட்டீர்கள், மகனைக் கேட்டீர்களா?

கேள்வி: மகன் உயர்தரம் எழுதிவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் நிற்கிறான். ஏஜென்சி மூலம் அவனைக் கனடாவுக்கு அனுப்ப, இருக்கிற இரண்டு ஏக்கர் வயலையும் விற்கலாம் என்கிறார் கணவர். அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் விற்பது என்று நினைத்தோம், வெள்ளைதான் வந்தது. அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு கோயிலில் பார்த்தோம், சிவப்பு வந்தது. பிறகு சாத்திரியாரிடம் போனோம். சனி மாறியதும் பிள்ளை கடல் கடப்பான் என்றார். கடவுள் உண்மையில் என்ன சொல்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு தாய், வட்டக்கச்சி

பதில்: அம்மா, உங்கள் கடிதம் நாலு பக்கம். இடம் போதாமல் இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். நாலு பக்கத்திலும் மகனின் நட்சத்திரம் இருக்கிறது, இராசி இருக்கிறது, பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் இருக்கிறது. அவனுக்குப் போக விருப்பமா என்று மட்டும் ஒரு வரி இல்லை.

பூக்கட்டிப் பார்ப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். என் அம்மம்மா வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் கட்டிச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கிற சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார். பல தடவை அந்தப் பிள்ளை நான்தான். செவ்வரத்தை வைத்த பொட்டலம் கொஞ்சம் புடைத்திருக்கும், நந்தியாவட்டை வைத்தது தட்டையாகக் கிடக்கும். அம்மம்மாவின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். அதையே எடுத்துக் கொடுப்பேன். எல்லாரும் சந்தோசமாக வீட்டுக்கு வருவோம். அப்படி ஒரு கலியாணமே நடந்தது. (நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு பங்கு உண்டென்று இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.)

ஆகவே பூவில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு கோயிலில் கேட்டுவிட்டு, பதில் பிடிக்காமல் இன்னொரு கோயிலுக்குப் போனால் அது வேண்டுதல் இல்லை, அப்பீல் வழக்கு. சாத்திரியார் மூன்றாவது நீதிமன்றம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இரணைமடுக் குளம் இருக்கிறது. அங்கே கனகாம்பிகை அம்மனைக் கும்பிடாமல் வயலில் இறங்காத கமக்காரர் எத்தனையோ பேர். ஆனால் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று யாராவது அம்மனிடம் பூக்கட்டிக் கேட்டதுண்டா? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். கூட்டம் போடுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், கடைசியில் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறார்கள். அதனால் அவர்களுக்கு அம்மனில் பக்தி குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

உங்கள் விசயத்திலும் அடி பார்க்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. முதலாவது, அந்த வயல் உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணி பெரும்பாலும் பெர்மிட். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற பெர்மிட் காணியை அரச அனுமதி இல்லாமல் விற்க முடியாது. வெள்ளைப் பூ நூறு தரம் வந்தாலும் முடியாது. பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போனால் இது தெரிந்துவிடும். இரண்டாவது, அந்த ஏஜென்சிக்காரருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? இருந்தால் அதற்கு ஓர் இலக்கம் இருக்கும். இலக்கத்தை வாங்கிப் பணியகத்தில் கேளுங்கள். ‘அதெல்லாம் பிறகு பார்ப்போம், முதலில் முற்பணத்தைக் கட்டுங்கோ’ என்றால் சனி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அப்போதே எழும்பி வந்துவிடுங்கள்.

சரி, கடவுளிடம் கேட்கவே கூடாதா? கேட்கலாம். சைவத்திலேயே அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு, திருமுறைக்குக் கயிறு சாத்திப் பார்ப்பது. ஏட்டுக்கட்டுக்குள் கயிற்றை விட்டு, அது விழுந்த இடத்தில் பிரித்து, அங்கே வருகிற பாட்டையே பதிலாக எடுப்பார்கள். பெண்ணாகடத்தில் அச்சுத களப்பாளர் பிள்ளையில்லாமல் வருந்தித் தம் குரு சகலாகம பண்டிதரிடம் போனார். பண்டிதர் ஏட்டைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்த்தபோது வந்தது சம்பந்தரின் திருவெண்காட்டுப் பாட்டு. அங்குள்ள முக்குளத்தில் நீராடி வழிபட்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்கிற பாட்டு அது. கணவனும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போய்க் குளித்துக் கும்பிட்டார்கள். பிறந்த பிள்ளைதான் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் என்பது வரலாறு. ஏடு ‘ஓம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லவில்லை, கவனியுங்கள். எழும்பிப் போ என்று வேலை கொடுத்தது. உங்கள் சாத்திரியார் கொடுத்த வேலை என்ன? காத்திரு என்பதுதானே.

உங்கள் கணவர் ‘எப்பவோ முடிந்த காரியம், நாங்கள் யோசித்து என்ன’ என்று சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அது நல்லூர்ச் சித்தர் செல்லப்பா சுவாமி சொன்னது. அவருடைய சீடர் யோகர் சுவாமி (1872–1964) துறவியாகுமுன் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பில் இருந்தவர். வந்த சாமான், போன சாமான், மிச்சம் என்று எழுதி வைக்கிற வேலை. எப்பவோ முடிந்த காரியம் என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்தால் களஞ்சியம் நடக்குமா? அதே செல்லப்பா சுவாமி ‘நாம் அறியோம்’ என்றும் சொல்லியிருக்கிறார். அதையும் கணவருக்கு ஞாபகப்படுத்துங்கள். சாத்திரியாருக்கும் சொல்லலாம், ஆனால் அவருடைய தொழிலுக்கு அது ஒத்துவராது.

வெள்ளைப் பூ வந்த இரவு நித்திரை வரவில்லை என்றீர்களே, நாலு பக்கத்திலும் நான் நம்பியது அந்த வரியைத்தான். எது உங்களை எழுப்பி வைத்தது? காணி போய்விடும் என்ற பயமா, ஏமாந்துவிடுவோம் என்ற பயமா, பிள்ளை கண்ணில் படாத தூரத்துக்குப் போகிறானே என்ற துக்கமா? முதல் இரண்டுக்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் அம்மனிடம் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பூ எதற்கு? விளக்கை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து அழுதுவிட்டு வாருங்கள்.

அப்புறம், ஒரு நாள் மகனையும் கூட்டிக்கொண்டு முறிகண்டிக்குப் போங்கள். ஏ-9 வீதியில் அந்தப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற வாகனம் அபூர்வம். வானால் இறங்கித் தேங்காய் உடைக்கிறவர்களைப் பாருங்கள். போகலாமா என்று கேட்க அங்கே யாரும் வருவதில்லை, எல்லாரும் வெளிக்கிட்டுப் பாதி வழி வந்தவர்கள். துணைக்கு வா என்று கும்பிட்டுவிட்டு ஏறிப் போகிறார்கள். நீங்களும் கும்பிட்டுவிட்டு, ஓரமாக இருந்து மகனிடம் கேளுங்கள். அப்பா இல்லாத இடத்தில் கேளுங்கள்.

கடிதத்துக்குள் தட்சணையாக வைத்து அனுப்பிய நூறு ரூபாய் நோட்டைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அங்கே கச்சான் வாங்க உதவும்.