டிஸ்கோவின் வேர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1977-இல் வெளியான 'சாட்டர்டே நைட் ஃபீவர்' திரைப்படத்தின் வழியாகவே நான் டிஸ்கோ இசையை அறிந்தேன். அது சில ஆண்டுகளில் ஓய்ந்துபோன வெள்ளையர் மோகம் என்றே எண்ணியிருந்தேன். அதன் வேர் கறுப்பினத்தவரின் இசையில் இருப்பதாகவும், இன்றைய நடன இசை அதிலிருந்தே வளர்ந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். விளக்க இயலுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

அந்தப் படம் திரைக்கு வந்தபோது டிஸ்கோ முழு வளர்ச்சி அடைந்திருந்தது. அதன் தாளம் எங்கே உருவானது என்று தேடினால் ஃபிலடெல்ஃபியாவுக்குத்தான் செல்ல வேண்டும். கென்னத் கேம்பிள், லியோன் ஹஃப் என்ற இரு கறுப்பினப் பாடலாசிரியர்கள் 1971-இல் அங்கே தங்கள் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களது பதிவுகளில் டிரம் வாசித்த எர்ல் யங், 1973-இல் ஹெரால்ட் மெல்வின் குழுவினரின் 'தி லவ் ஐ லாஸ்ட்' பாடலில், காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய பாஸ் டிரம்மை நான்கு அடிகளிலும் சமமாக ஒலிக்கவைத்து, ஒவ்வோர் அடிக்கும் நடுவே ஹை-ஹாட் என்ற இரட்டைத் தாளத்தட்டைத் திறந்து ஒலிக்கவிட்டார். நடனமாடுபவரின் கால் எங்கும் தடுமாறாதபடி உந்திச் செல்லும் அந்த அமைப்புதான் பின்னர் டிஸ்கோவின் இலக்கணமாயிற்று. இத்தனை பெரிய கொடையை அளித்தவரின் பெயர் இசை ஆர்வலர்களுக்கு வெளியே இன்றும் பரவவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இந்த இசைக்கு முதலில் செவிகொடுத்தவர்கள் நியூயார்க்கின் கறுப்பினத்தவர்களும், லத்தீன் அமெரிக்கர்களும், தன்பாலீர்ப்பாளர்களும் ஆவர். டிஜே டேவிட் மன்குசோ 1970-இல் தன் வீட்டிலேயே தொடங்கிய 'தி லாஃப்ட்' விருந்துகளில் அவர்கள் அச்சமின்றிக் கூடி ஆடினார்கள். ஆட்டம் நடுவில் அறுபடக் கூடாது என்ற தேவையினால் பாடல்கள் நீண்டன. டபுள் எக்ஸ்போஷர் என்ற கறுப்பினக் குழுவின் 'டென் பர்சென்ட்' பாடலை, வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே ஒன்பது நிமிடங்களுக்கு மேல் விரித்தமைக்க, அது 1976-இல் 12 அங்குல இசைத்தட்டாகக் கடைகளுக்கு வந்தது. ஐரோப்பாவின் பங்கையும் நான் மறுக்கவில்லை. 1977-இல் மியூனிக்கில் ஜியார்ஜியோ மொரோடர் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியைக் கொண்டு அமைத்த 'ஐ ஃபீல் லவ்' பெரிய திருப்பம்தான். ஆனால் அதைப் பாடியவரும், அதை எழுதியவர்களுள் ஒருவரும், பாஸ்டனில் பிறந்த கறுப்பினப் பெண்ணான டோனா சம்மர்.

டிஸ்கோ ஓய்ந்துபோனது என்கிறீர்கள். 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் அழைப்பை ஏற்று ரசிகர்கள் கொண்டுவந்த டிஸ்கோ தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே பணியாளாக நின்ற வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், வந்து குவிந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளும் இருந்ததைப் பின்னர் பலமுறை கூறியிருக்கிறார். அந்த வெறுப்பில் இனப்பகை கலந்திருந்தது என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

அதே நகரத்தில் 'வேர்ஹவுஸ்' என்ற இரவு நடன விடுதியின் டிஜே ஃபிராங்கி நக்கிள்ஸ், டிஸ்கோ பாடல்களை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டித்து இசைத்துவந்தார். இன்றைய நடன இசைக்கு அடித்தளமான ஹவுஸ் இசை அந்த விடுதியின் பெயரிலிருந்தே பெயர் பெற்றது. 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்', ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளுள் ஒன்று. அதன் உருவாக்கத்தில் உடன் நின்றவர் அதே வின்ஸ் லாரன்ஸ்.

முதலில் எர்ல் யங்கின் டிரம்மை மட்டும் கவனித்து 1973-ஆம் ஆண்டுப் பாடலைக் கேளுங்கள். உடனே 'ஆன் அண்ட் ஆன்' கேளுங்கள். மனிதர் இருந்த இடத்தில் டிரம் மெஷின் இருக்கும். நான்கு அடிகளும் அப்படியே இருக்கும்.